மதிலுக்கு அப்பால் ஒரு குரல்

நுழைவாயில்

புதினத்தைப் படித்துவிட்டுத் திரைப்படத்தைக் காண்போர் சிலர்; திரைப்படத்தைக் கண்டுவிட்டுப் புதினத்தைத் தேடுவோர் பலர். இரண்டாம் வகையினரைக் குறைவாக எண்ண வேண்டுவதில்லை. முன்வாயில் வழியாக வந்தவரும் கொல்லை வழியாக வந்தவரும் ஒரே வீட்டுக்குள்தான் நுழைகின்றனர். நம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றியவாறே தமிழில் எழுதிய நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. 2010ஆம் ஆண்டு அது ‘மகிழ்ச்சி’ என்னும் பெயரில் திரைப்படமாயிற்று. பெயர் மாறிவிட்டதால், படத்தைக் கண்டவர் நூலைத் தேடி வருவது அங்கே சற்றுக் கடினம். இப்பாடத்தில் நாம் காணப்போகும் நூலுக்கு அந்த இடர் நேரவில்லை. நூலுக்கும் படத்துக்கும் பெயர் ஒன்றே. அது மலையாளத்தில் எழுதப்பட்டது. கதை நிகழ்வதோ நம் நகரில். தமிழிலும் அது நமக்குக் கிடைக்கிறது. அதன் பெயர் ‘மதிலுகள்’.

பூஜப்புரைச் சிறை

பூஜப்புரைப் பக்கம் சென்றவர்கள் அங்குள்ள மத்தியச் சிறைச்சாலையைக் கண்டிருப்பீர்கள். சிறைவாசிகள் சமைக்கும் சப்பாத்தியும் கறியும் அங்கே ‘ஃப்ரீடம்’ என்னும் பெயரில் விற்கப்படுகின்றன. உங்களுள் சிலருடைய வீட்டில் இரவு உணவாகவும் அது வந்திருக்கும். அச்சொல்லுக்கு ‘விடுதலை’ என்பது பொருள். சிறையிலிருந்து வரும் உணவுப் பொட்டலத்தின்மேல் விடுதலை என்று எழுதியிருப்பதை எண்ணிப் பாருங்கள். இப்பாடத்தின் கதையும் அச்சொல்லைப் பற்றியதுதான்.

1940களில் அச்சிறையில் ஓர் எழுத்தாளர் அடைக்கப்பட்டிருந்தார். அவர் வைக்கம் முகம்மது பஷீர். 1908ஆம் ஆண்டு வைக்கத்தை அடுத்த தலையோலப்பறம்பு என்னும் ஊரில் பிறந்தவர். வைக்கம் என்றவுடன் தந்தை பெரியார் பங்கேற்ற போராட்டம் உங்கள் நினைவுக்கு வரும். அப்போராட்டத்தின்போது 1925ஆம் ஆண்டு காந்தியடிகள் அவ்வூருக்கு வந்தார். அப்போது மாணவராயிருந்த பஷீர் கூட்டத்தினிடையே நுழைந்து அவரைத் தொட்டுவிட்டார். வீட்டுக்கு ஓடிச்சென்று, காந்தியைத் தொட்டதாகத் தாயிடம் பெருமையுடன் கூறினாராம். 1930ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு கண்ணூர்ச் சிறைக்குச் சென்றார். பிறகு பல ஆண்டுகள் நாடெங்கும் அலைந்து திரிந்தார். திரும்பி வந்து எழுதத் தொடங்கியபோது, அவருடைய எழுத்து திருவிதாங்கூர் அரசுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே மீண்டும் சிறை. இம்முறை நம் நகரத்துச் சிறை. ‘பிரேமலேகனம்’ என்னும் அவருடைய நகைச்சுவைக் காதற்கதை அந்தச் சிறைக்குள் இருந்தபோது எழுதப்பட்டது.

சிறையைவிட்டு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அந்நாள்களை நினைவுகூர்ந்து அவர் எழுதியதே ‘மதிலுகள்’. 1965ஆம் ஆண்டு நூலாக வந்தது. மிகச் சிறிய நூல். மாலையில் தொடங்கினால் இரவு உணவுக்குமுன் முடித்துவிடலாம். கதையைக் கூறுபவர் பெயர் பஷீர். அவர் தொழில் எழுத்து. எனவே, இது நடந்ததா, புனைந்ததா என்னும் வினா படிப்பவர் மனத்தில் எழுந்துகொண்டே இருக்கும். அதற்கு விடை தேடிப் பயனில்லை என்பது எம் கருத்து. தன் வாழ்வையே கதையாகவும் கதையையே வாழ்வாகவும் சொல்லிச் சென்றவர் அவர்.

கதை

பஷீர் சிறைக்குக் கொண்டுவரப்படுகிறார். வந்த அன்றே மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பொலி கேட்கிறது. அப்பால் இருப்பது பெண்கள் சிறை. அச்சிரிப்பை அவர் மறக்கவில்லை என்றாலும், நாள்கள் வழக்கம்போல் நகர்கின்றன. சிறை அலுவலர்கள் அவரிடம் அன்பு காட்டுகின்றனர். உடன் இருப்போர் அரசியல் கைதிகள். பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போகிறது. அவர் ரோஜாத் தோட்டம் ஒன்று அமைக்கிறார். மரங்களோடும் அணில்களோடும் பேசுகிறார்.

ஒருநாள் அரசியல் கைதிகளை விடுதலை செய்யும் ஆணை வருகிறது. எல்லாருடைய பெயரும் பட்டியலில் உள்ளது. பஷீரின் பெயர் மட்டும் இல்லை. நண்பர்கள் அனைவரும் விடைபெற்றுச் செல்ல, அந்தப் பகுதியில் அவர் தனியராகிறார். சுற்றிலும் வெறுமை. தப்பி ஓடிவிடலாமா என்றுகூட எண்ணுகிறார். அதற்கான வழியையும் திட்டமிடுகிறார்.

அந்நிலையில் ஒருநாள் மதிலோரமாகச் சீட்டியடித்தபடி நடந்துவருகிறார். சீட்டியடிப்பவர் யார் என்று அப்பாலிருந்து ஒரு பெண்குரல் வினவுகிறது. அவள் பெயர் நாராயணி. நெடுந்தண்டனை பெற்றவள். இருவருக்கும் இடையே விண்ணை மறைக்கும் மதில். முன்பு அதில் ஓர் ஓட்டை இருந்ததாம். அதையும் பூசி அடைத்துவிட்டனர். ஆகவே முகம் காண வழியில்லை. எஞ்சியிருப்பது குரல் ஒன்றே.

அவள் ஒரு ரோஜாச் செடி கேட்கிறாள். அவர் செடியை வேரோடு எடுத்து, பூவுக்கும் இலைக்கும் வேருக்கும் முத்தமிட்டு மதிலுக்கு மேலாக எறிகிறார். பிறகு சிறுசிறு பொருள்கள் அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் பறக்கின்றன. தான் வந்திருப்பதை அவருக்கு உணர்த்த நாராயணி ஒரு வழி காண்கிறாள். காய்ந்த சுள்ளிக்கம்பு ஒன்றை வானை நோக்கி எறிவாள். மதிலுக்குமேல் அது எழுந்து விழுவதைக் கண்டவுடன் அவர் ஓடிவருவார். தந்தியும் தொலைபேசியும் ஆற்ற வேண்டிய பணியை அச்சுள்ளி ஆற்றியது!

ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும் என்னும் ஆவல் இருவருக்கும் எழுகிறது. சிறை மருத்துவமனைக்கு வியாழக்கிழமை வருவதாக நாராயணி கூறுகிறாள். எவ்வாறு அடையாளம் காண்பது? அவளுடைய வலக்கன்னத்தில் ஒரு கரிய மச்சம் உண்டு. அவர் கையில் ஒரு சிவந்த ரோஜாப்பூ இருக்கும். இவ்வளவே ஏற்பாடு.

அந்த வியாழக்கிழமை என்ன ஆயிற்று என்பதை இங்கே கூறப்போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கதையின் நடுவே, விடுதலைப் பட்டியலில் தம் பெயர் இல்லையே என்று வருந்தியவர் பஷீர். சுள்ளிக்கம்பு எழத் தொடங்கிய பிறகு, அதே மனிதருக்கு ‘விடுதலை’ என்னும் சொல் எப்படி ஒலித்திருக்கும்? நூலின் கடைசிப் பக்கங்களை அவ்வினாவை மனத்தில் கொண்டு படியுங்கள்.

காட்டப்படாத முகம்

இக்கதையைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அடூர் கோபாலகிருஷ்ணன். அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமக் கிராமிய நிறுவனத்தில் பயின்று 1961ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர் அவர். பின்னர் புனேயில் திரைப்படக் கலை கற்றார். 1965ஆம் ஆண்டு நண்பர்களுடன் சேர்ந்து திருவனந்தபுரத்தில் ‘சித்ரலேகா’ என்னும் திரைப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கேரளத்தில் உருவான முதல் திரைப்படச் சங்கம் அதுவே. ஒவ்வோர் ஆண்டும் திசம்பரில் நம் நகரில் நடைபெறும் உலகத் திரைப்பட விழாவுக்கு மாணவரும் தொழிலாளரும் வரிசையில் நிற்கின்றனரே, அந்தப் பழக்கத்தின் வேர் இத்தகைய சங்கங்களில்தான் இருக்கிறது.

‘மதிலுகள்’ திரைப்படம் 1990ஆம் ஆண்டு வெளிவந்தது. பஷீராக நடித்தவர் மம்மூட்டி. ‘தளபதி’ படத்தின் வழி நீங்கள் அவரை அறிவீர்கள். அவர் வளர்ந்த செம்பு என்னும் ஊரும் வைக்கத்தை ஒட்டியதே. தம் வட்டாரத்து எழுத்தாளராகவே அவர் திரையில் தோன்றினார். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர், சிறந்த ஒலிப்பதிவு, சிறந்த மலையாளப் படம் ஆகிய தேசிய விருதுகள் இப்படத்தின் வழி கிட்டின. இவற்றுள் ஒலிப்பதிவுக்கான விருதைக் குறித்துவைத்துக் கொள்ளுங்கள். அதற்குக் காரணம் உண்டு. வெனிஸ் திரைப்பட விழாவிலும் படம் திரையிடப்பட்டுப் பரிசு பெற்றது. பஷீர் அப்போது உயிருடன் இருந்தார். 1994ஆம் ஆண்டுதான் மறைந்தார்.

இயக்குநர் முன் ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. எழுத்தில் ‘அவள் முகத்தை நான் கண்டதில்லை’ என்ற பொருள்பட ஒரு தொடர் எழுதிவிட்டால் போதும். திரைப்படமோ காட்டுவதற்கென்றே பிறந்த கலை. கதைத்தலைவியைக் காட்டாமல் ஒரு காதற்படம் எடுக்க முடியுமா? மதிலின் மறுபுறம் சென்று, ரோஜாச் செடியை நெஞ்சோடு அணைத்து நிற்கும் அழகிய பெண் ஒருத்தியைக் காட்டுவது எவர்க்கும் எளிது. காண்போரும் அதையே எதிர்பார்த்திருப்பர். நாராயணி யாராக இருப்பாள் என்று அவர்கள் மனம் நடிகையரின் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கும்.

அடூர் அதைச் செய்யவில்லை. படம் முழுவதிலும் நாராயணி ஒருமுறையும் திரையில் தோன்றுவதில்லை. ஒளிப்பதிவுக் கருவி மதிலைத் தாண்டவே இல்லை. நாம் காண்பது செங்குத்தாக நிற்கும் மதில், அதன் முன்னே அண்ணாந்து நிற்கும் ஒரு மனிதர், மதிலுக்குமேல் எழுந்து தாழும் ஒரு சுள்ளி. கேட்பது ஒரு குரல். இதன் விளைவு யாது? பஷீருக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரிவதில்லை. அரங்கில் வசதியான இருக்கையில் அமர்ந்திருந்தாலும் நாமும் மதிலின் இப்புறத்துக் கைதிகளே. சுள்ளி எழாதா என்று நாமும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறோம். காதால் காண வைத்த படத்துக்கு ஒலிப்பதிவு விருது கிடைத்ததில் வியப்பென்ன?

அக்குரலுக்கு உரியவர் கே.பி.ஏ.சி. லலிதா. ‘அலைபாயுதே’ படத்தில் கதைத்தலைவனின் தாயாக வருபவர் என்றால் உங்கள் பெற்றோருக்கு உடனே விளங்கும். கேரள மக்களுக்கு அவர் குரல் மிகவும் பழகிய ஒன்று. கேட்டவுடன் அவர் முகம் நினைவுக்கு வந்துவிடும். மலையாளிகளுக்கு இது ஒரு சிறு இடையூறாகவும் இருந்திருக்கலாம். மதிலுக்கு அப்பால் நிற்பவள் முகமறியாத நாராயணியா, நன்கறிந்த லலிதாவா என்று மனம் தடுமாறும். அவரை அறியாமல் இப்படத்தைக் காணும் வாய்ப்புடையவர்கள், அதாவது உங்களைப் போன்ற இளையோர், ஒருவகையில் நற்பேறு பெற்றவர்களே.

ஏட்டில் உள்ளது

தமிழ்நாட்டில் மலையாளம் அறியாத பலர் பஷீரை முதலில் அறிந்துகொண்டது திரை வழியாகவே. தூர்தர்சன் ஒன்றே தொலைக்காட்சியாக இருந்த காலத்தில், ஞாயிறு பிற்பகல்களில் பிறமொழி விருதுப் படங்கள் அடியில் எழுத்துகளுடன் ஒளிபரப்பாயின. அடூர் கோபாலகிருஷ்ணன் போன்றோரின் பெயர்கள் அவ்வாறுதான் மதுரைக்கும் நெல்லைக்கும் சென்று சேர்ந்தன. படம் பிடித்துப்போனவர்கள் நூலைத் தேடினர். இன்று ‘மதில்கள்’ என்னும் பெயரில் கவிஞர் சுகுமாரனின் தமிழாக்கம் காலச்சுவடு பதிப்பாகக் கிடைக்கிறது.

படத்தைக் கண்டவர்க்கு நூலில் புதிதாக என்ன இருக்கிறது? கதை தெரிந்துவிட்டதே என்று கேட்கத் தோன்றும். நூலின் தொடக்கத்திலேயே ஒரு விடை உள்ளது. ‘மதிலுகள்’ என்னும் பெயரில் ஒரு சிறு காதற்கதையைக் கேட்டதுண்டா என்று நம்மிடம் வினவிவிட்டு, பெண்ணின் மணத்தைக் குறிக்கும் வேறொரு பெயரையே முதலில் எண்ணியிருந்ததாகப் பஷீர் கூறுகிறார். மணம்! திரையால் காட்ட முடியும். ஒலிக்கச் செய்ய முடியும். மணக்கச் செய்ய இயலாது. மதிலுக்கு அப்பாலிருந்து காற்றில் வருகிறதா, நினைவிலிருந்து எழுகிறதா என்று அவருக்கே விளங்காத ஒரு மணம் அந்நூலின் பக்கங்களில் உலவுகிறது. அதை நுகர வேண்டுமானால் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. திரையில் நாம் காணும் பஷீருக்கு மம்மூட்டியின் முகம் உள்ளது. நூலில் பஷீருக்கும் முகம் இல்லை. அங்கே இருவருமே குரல்கள்தாம். மதிலின் இப்புறத்துக் குரல் நம் காதருகே பேசுகிறது. தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறது. அழ வேண்டிய இடத்தில் சிரிக்கிறது. பஷீரைப் படித்தவர்கள் அவரை ஓர் எழுத்தாளராக அன்றி, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கதை சொல்லும் மாமாவாக எண்ணிக்கொள்வது இதனாலேயே. திரைப்படம் மிக நல்ல படம். எனினும் அது சற்றே அடக்கமானது, நிதானமானது. நூல் குறும்பு மிக்கது. இரண்டுள் எது சிறந்தது என்னும் பட்டிமன்றத்தை வகுப்பில் நடத்திக்கொள்ளுங்கள். எம் வாக்கு நூலுக்கே. ஆனால் படம் இல்லையேல் நம்மில் பலர் அந்நூலின் பக்கம் சென்றிருக்கமாட்டோம்.

இலக்கணம் எங்கே?

பஷீரின் தம்பி அப்துல்காதர் பள்ளி ஆசிரியர். அண்ணனின் எழுத்தைப் படித்துவிட்டு, இதில் இலக்கணம் எங்கே இருக்கிறது என்று அவர் கேலி செய்ததாகப் பஷீரே தம் ‘பாத்தும்மாவின் ஆடு’ நூலில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். தாம் பேசுவதுபோலவே எழுதுவதாகவும், தம் மொழிக்கு அந்த இலக்கணம் தேவையில்லை என்பதாகவும் அவர் விடை அமைகிறது. வீட்டிலும் சந்தையிலும் தாம் கேட்ட பேச்சை அப்படியே ஏட்டில் ஏற்றியவர் அவர். அந்த ‘இலக்கணமற்ற’ எழுத்தையே மலையாள உலகம் தன் செல்வமாகப் போற்றுகிறது.

இதை உங்களிடம் கூறுவதற்குக் காரணம் உண்டு. சாலைக் கடைத்தெருவிலும், கரமனையிலும், தும்பா விண்வெளி நிலையக் குடியிருப்பிலும் வாழும் தமிழ்க் குழந்தைகள் நீங்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும். விடுமுறையில் ஊருக்குச் சென்றால், உன் தமிழில் மலையாளம் கலக்கிறது என்று அத்தை மகனும் மாமன் மகளும் சிரிக்கின்றனர். இங்கே வந்தால், உன் மலையாளத்தில் தமிழ் கலக்கிறது என்று நண்பர்கள் சிரிக்கின்றனர். உங்களுள் சிலருக்குத் தமிழ் என்பது தொலைபேசியில் கேட்கும் பாட்டியின் குரல் மட்டுமே. அதன் எழுத்துகள் இன்னும் அயலாகவே நிற்கின்றன. குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை.

ஆயினும் உங்களிடம் இருப்பதும், ஊரில் இருக்கும் உறவினரிடம் இல்லாததுமான ஒன்றைக் கவனித்தீர்களா? ‘மதிலுகள்’ படத்தை அவர்கள் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டே காண வேண்டும். எழுத்தைப் படிக்கும் கண் சுள்ளியைத் தவறவிடும். நீங்களோ கண்ணை மதிலின்மேல் வைத்துக்கொண்டு குரலைக் காதால் கேட்கலாம். பிறகு தமிழ்நூலைக் கையில் எடுத்தால், ஏற்கெனவே காதில் விழுந்த சொற்கள் தமிழெழுத்தில் உங்களை எதிர்கொள்ளும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு இரண்டு பக்கம் போதும். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் குற்றமில்லை. உரக்கப் படியுங்கள்; பஷீரின் எழுத்து காதுக்கென்று எழுதப்பட்டது.

சொல் அறிவோம்

மதில் என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. பன்மை விகுதியும் பொதுவே. மலையாளத்தில் ‘மதிலுகள்’, தமிழில் ‘மதில்கள்’. இடையே ஓர் உகரம் மட்டும் கூடியிருக்கிறது. பழந்தமிழில் கோட்டை மதிலுக்கு எயில், இஞ்சி, புரிசை எனப் பல பெயர்கள் வழங்கின. ‘இஞ்சி’ என்றவுடன் தேநீரில் இடும் இஞ்சி நினைவுக்கு வருவது இயல்பு, இது வேறு. மதிலைக் காத்து நிற்கும் வீரர் சூடும் பூ நொச்சி. அதனால் மதில்காத்தலைப் பாடும் திணைக்கும் அதுவே பெயராயிற்று. மதிலைக் காப்பதற்கும் மதிலைத் தாக்குவதற்கும் நம் முன்னோர் தனித்தனித் திணை வகுத்தனர்; மதிலின் இருபுறமும் நின்று பேசுவதற்கு வகுக்கவில்லை!

சுள்ளி – காய்ந்த சிறு குச்சி. மலையாளத்திலும் ‘சுள்ளிக்கம்பு’ என்பதே வழக்கு. 
சீட்டியடித்தல் – வாயைக் குவித்து ஊதி ஒலி எழுப்புதல். 
மச்சம் – உடலில் உள்ள கரும்புள்ளி. 
தனியர் – துணையின்றி இருப்பவர். 
தமிழாக்கம் – பிறமொழி நூலைத் தமிழில் பெயர்த்து எழுதுதல்.

ஒன்றுபோல் ஒலித்துப் பொருள் வேறுபடும் சொற்களும் உண்டு. மலையாளத்தில் ‘தடவு’ என்றால் சிறைவாசம். தமிழில் ‘தடவு’ என்றால் மெல்லத் தேய். இதை அறியாமல் மொழிபெயர்த்தால் சிறைக்கைதி எண்ணெய் தடவுபவராகிவிடுவார்.

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பஷீர் 1930ஆம் ஆண்டு எங்கே, எதற்காகச் சிறை சென்றார்?
2. நாராயணி தன் வருகையை எவ்வாறு உணர்த்தினாள்?
3. அடூர் கோபாலகிருஷ்ணனுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பு யாது?
4. தாம் முதலில் எண்ணிய தலைப்பாகப் பஷீர் எதைக் குறிப்பிடுகிறார்?

ஆ. ஒரு பத்தி அளவில் எழுதுக.
1. நாராயணியின் முகத்தைக் காட்டியிருந்தால் படம் எவ்வாறு மாறியிருக்கும்? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக. பாடத்தின் கருத்தை மறுத்தும் எழுதலாம்.
2. கதையின் தொடக்கத்திலும், நாராயணியின் குரலைக் கேட்ட பிறகும் ‘விடுதலை’ என்னும் சொல் பஷீருக்கு எவ்வாறு பொருள்பட்டிருக்கும்?

இ. மொழிப்பயிற்சி
1. ஒருவரையொருவர் கண்டிராத நாராயணியும் பஷீரும் தமிழில் பேசினால் ‘நீ’ என்பார்களா, ‘நீங்கள்’ என்பார்களா? எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவார்கள்? மதிலின் இருபுறமும் நின்று இருவர் பேசுவதுபோல் ஆறு தொடர்களில் உரையாடல் எழுதுக.
2. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருளில் வழங்கும் சொற்கள் ஐந்தும், ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்கள் மூன்றும் வீட்டில் கேட்டுத் தொகுக்க.
3. ‘மணம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் உள்ள இரு பொருள்களையும் தனித்தனித் தொடர்களில் அமைத்துக் காட்டுக.

ஈ. செயல்
பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ, திரைப்படத்தைக் கண்ட பிறகு அவர்கள் தேடிப் படித்த நூல் எது என்று கேளுங்கள். நூலின் பெயர், எழுதியவர், படத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு ஆகியவற்றோடு, நூலில் இருந்து படத்தில் விடுபட்ட ஒன்றையும் அவர்களிடம் கேட்டறிந்து, அவர்கள் பேசிய தமிழிலேயே எழுதி வாருங்கள். மலையாளச் சொல் கலந்திருந்தால் திருத்த வேண்டா. அதன் அடியில் கோடிட்டு மட்டும் வையுங்கள்.